சூப்பர் ஹீரோ தொடரின் ஒரு எபிசோடுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? குமரி மாவட்டப் புது ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

“மக்கா, பார்த்தாயா? பயங்கரம்!” என்று நண்பனுக்கு ஒரு செய்தி அனுப்புவதோடு நம்மில் பலருடைய விமர்சனம் முடிந்துவிடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் ‘பயங்கரம்’ எந்த நிமிடத்தில் வந்தது, யார் செய்த எந்த வேலையால் வந்தது என்று இரண்டு பக்கம் எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் சூப்பர் ஹீரோ தொடர்களை வாரம் தவறாமல் பார்ப்பவர்கள் ஏராளம். அவற்றைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. எழுத ஆசைப்படுபவர்களுக்காக இந்தக் குறிப்புகள். கல்லூரி மலருக்கு எழுதினாலும், நாலு நண்பர்கள் படிக்க எழுதினாலும் வேலை ஒன்றுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதப்போவது ஒரே ஒரு எபிசோடைப் பற்றி. நாயகனின் காமிக்ஸ் வரலாறு முழுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அடுத்த வாரம் எந்த வில்லன் வருவான் என்று உறுதியாகத் தோன்றலாம். இரண்டையும் ஓரமாக வையுங்கள். இந்த நாற்பது, ஐம்பது நிமிடங்களில் இந்த எபிசோடு எதைச் செய்ய முயன்றது, அதைச் செய்து முடித்ததா? இந்தக் கேள்வியிலிருந்து விலகிப்போகும் பத்தியைக் கடைசியில் நீங்களே அடிக்க வேண்டியிருக்கும்.

எப்போது, எதில் பார்ப்பது

அமெரிக்கத் தொடர்கள் பல அந்நாட்டு மேற்குக் கரையின் நள்ளிரவைக் கணக்கு வைத்து வெளியாகின்றன. நமக்கு அது கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. 2021 ஜனவரியில் மார்வெல் நிறுவனத்தின் ‘வாண்டாவிஷன்’ தொடங்கியபோது வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் எபிசோடு வந்தது. 2023 அக்டோபரில் ‘லோகி’யின் இரண்டாவது சீசனோ காலை 6.30 மணிக்கே வந்துவிட்டது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர்கள் வீடு திரும்பும் முன்பே புது எபிசோடு போனில் காத்திருந்தது. வெளியான கையோடு பார்த்தாக வேண்டும் என்று கடைசி பெஞ்சிலும், வடசேரிக்குப் போகும் பஸ்ஸிலும் பார்ப்பவர்கள் உண்டு. தாராளமாகப் பாருங்கள். அந்தப் பார்வையை மட்டும் நம்பி எழுதாதீர்கள். ‘டேர்டெவில்’ போன்ற தொடரில் முக்கியமான காட்சிகள் பெரும்பாலும் இரவில், மங்கிய வெளிச்சத்தில் நடக்கின்றன. பகல் வெயிலில், ஜன்னலோர இருக்கையில், போன் திரையில் உங்கள் முகம்தான் தெளிவாகத் தெரியும். பிறகு ‘ஒளிப்பதிவு சரியில்லை’ என்று எழுதினால் அது ஒளிப்பதிவாளருக்குச் செய்யும் அநியாயம்.

இருட்டிய பிறகு, கிடைப்பதில் பெரிய திரையில், ஹெட்போனோடு பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மின்சாரம் எந்த நேரத்தில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எபிசோடை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

முதல் முறை பேனா வேண்டாம்

முதல் தடவை வெறும் ரசிகராகப் பாருங்கள். குறிப்பு எடுக்காதீர்கள், நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள். முடிந்ததும் அடுத்த எபிசோடு தானாக ஓடத் தொடங்கும் வசதியை முன்பே அணைத்து வைத்திருக்க வேண்டும். 2015 ஏப்ரல் 10 அன்று ‘டேர்டெவில்’ முதல் சீசனின் 13 எபிசோடுகளும் ஒரே நாளில் வெளியாயின. அப்படி வரும் தொடரில் ஐந்து எபிசோடுகளை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, ‘இரண்டாவது எபிசோடு எப்படி?’ என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. எல்லாம் ஒன்றோடொன்று கலந்திருக்கும்.

திரை இருண்டவுடன் மூன்று வரி எழுதுங்கள். எங்கே உடல் நிமிர்ந்தது? எங்கே போனில் மணி பார்த்தீர்கள்? இப்போது கண்ணை மூடினால் எந்தக் காட்சி வருகிறது? விமர்சனத்தின் விதை இந்த மூன்று வரிகளில் இருக்கும். நண்பர்கள் குழுவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும். பார்த்துவிட்டால் உங்கள் கருத்து எது, ஊராரின் கருத்து எது என்று பிரித்தெடுக்க முடியாது.

இரண்டாம் முறை எதைக் கவனிப்பது

இப்போது கதை தெரியும்; அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நிமிடக் கணக்கோடு குறிப்பு எடுங்கள். ‘12.40: கதவுக் காட்சி’ என்று எழுதி வைத்தால் பிறகு தேடி அலைய வேண்டாம்.

தொடர் எங்கே ஒளிபரப்பாகத் தயாரிக்கப்பட்டது என்பதையும் மனத்தில் வையுங்கள். ‘தி ஃபிளாஷ்’ 2014-இல் அமெரிக்காவில் வழக்கமான தொலைக்காட்சியில் தொடங்கியது. முதல் சீசனுக்கு 23 எபிசோடுகள். ஒவ்வொன்றும் நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். நடுநடுவே விளம்பர இடைவேளைகள். அதனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சின்ன அதிர்ச்சி வந்து திரை இருளும். விளம்பரம் முடியும்வரை பார்வையாளர் வேறு சேனலுக்குப் போய்விடாமல் பிடித்துவைக்கும் உத்தி அது. விளம்பரமே இல்லாமல் பார்க்கும் நமக்கு அது காரணமில்லாத பரபரப்பாகத் தோன்றலாம். 23 வாரம் ஓட வேண்டிய தொடரில் சில எபிசோடுகள் அந்த வாரத்து வில்லனோடு வந்து அந்த வாரத்தோடு முடிந்துபோகும். அவற்றை ஆறு எபிசோடில் முடியும் ‘லோகி’யின் அளவுகோலால் அளப்பது சரியல்ல.

கேமராவும் ஒலியும் எங்கே தங்கள் குணத்தை மாற்றுகின்றன என்று கவனியுங்கள். ‘வாண்டாவிஷன்’ முதல் எபிசோடு பழைய கால நகைச்சுவைத் தொடரின் அச்சாக, கறுப்பு வெள்ளையில், கிட்டத்தட்டச் சதுரமான திரையில், பார்வையாளர் சிரிப்பொலியோடு போகிறது. விருந்துக்கு வந்த முதலாளிக்குத் தொண்டையில் உணவு சிக்கிக்கொள்ளும் இடத்தில் சிரிப்பொலி நின்றுவிடுகிறது. அதுவரை எட்ட நின்று பார்த்த கேமரா முகங்களை நெருங்குகிறது. யாரும் பறக்கவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் இந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று நமக்கு உறைத்துவிடுகிறது. எபிசோடின் கடைசியில் திரையே அகலமாகிறது. ‘எதிர்பாராத திருப்பம்’ என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டுப் போகாமல், சிரிப்பொலி எந்த இடத்தில் நின்றது என்று எழுதினால் படிப்பவர் திரும்பப் போய்ப் பார்ப்பார்.

ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் எல்லாவற்றையும் தொட்டுவிடப் பார்ப்பார்கள்: நடிப்பு நன்று, இசை நன்று, சண்டை நன்று, வசனம் சுமார். இது சந்தைப் பட்டியல் போல இருக்கும். படித்தவருக்கு எதுவும் நினைவில் நிற்காது. ஒரு காட்சியை எடுத்து முழுதாகப் பாருங்கள். மற்றவை அதைச் சுற்றி வந்து சேரும்.

எடுத்துக்காட்டாக ‘டேர்டெவில்’ முதல் சீசனின் இரண்டாவது எபிசோடை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசியில் வரும் நடைபாதைச் சண்டை உலகம் முழுக்க ரசிகர்கள் பேசிய காட்சி. கடத்தப்பட்ட சிறுவனை மீட்க, கண்பார்வை இல்லாத, காது கூர்மையான நாயகன் மேட் மர்டாக் குறுகலான ஒரு நடைபாதைக்குள் நுழைகிறான். இருபக்கமும் கதவுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஆட்கள். படத்தொகுப்பு வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாகப் படமாக்கியது போன்ற தோற்றம். பெரும்பாலான ரசிகர்கள் இதை எழுதும்போது ‘ஒரே ஷாட்! என்ன ஒரு சண்டை!’ என்று வியப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த வியப்பு நியாயமானது. ஆனால் ஒரே ஷாட் என்பது ஒரு வித்தை. அது இந்த எபிசோடுக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்லும்போதுதான் விமர்சனம் வருகிறது.

இரண்டாம் முறை பார்க்கும்போது சில விஷயங்கள் கண்ணில் படும். சண்டை அறைக்குள் போகும்போது கேமரா உள்ளே போகாமல் நடைபாதையிலேயே நிற்கிறது; நமக்குச் சத்தம்தான் கேட்கிறது. அடிவாங்கி விழுந்தவர்கள் மறுபடி எழுந்து வருகிறார்கள். நாயகனுக்கே மூச்சு வாங்குகிறது. சுவரில் சாய்ந்து நிற்கிறான். ஏற்கெனவே குத்துப்பட்டுக் குப்பைத் தொட்டியில் கிடந்து, கிளேர் என்ற செவிலியால் பிழைத்தவன் அவன். வெட்டு இருந்திருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் அவனுக்கு ஓய்வு கிடைத்திருக்கும், நமக்கும் கிடைத்திருக்கும். ஒரே ஓட்டமாக இருப்பதால் அவன் களைப்பு நம் மேலும் ஏறுகிறது.

இப்போது அதே எபிசோடின் மற்றப் பாதியைப் பாருங்கள். மேட்டின் தந்தை ஜாக் ஒரு குத்துச்சண்டை வீரர். பணம் வாங்கிக்கொண்டு தோற்க ஒப்புக்கொண்டவர், மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதற்காகத் தோற்க மறுத்து வெல்கிறார்; அதற்கு விலையாக உயிர் போகிறது. விழாமல் நின்ற தந்தையும், விழுந்து விழுந்து எழும் மகனும் ஒரே எபிசோடில் இருப்பது தற்செயல் அல்ல. இதைக் கண்டுவிட்டால் விமர்சனத்தின் நடுப்பத்தி தானாக வந்துவிடும். இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“இந்த எபிசோடில் நாயகனின் மிகப் பெரிய ஆற்றல் கூர்மையான காது அல்ல, களைத்த பிறகும் எழுந்து நிற்பது. தந்தையின் கதையை முதலில் சொல்லி, நடைபாதைச் சண்டையைக் கடைசியில் வைத்திருப்பதால், அங்கே ஒவ்வொரு முறை அவன் சுவரைப் பிடித்து எழும்போதும் குத்துச்சண்டை மேடையில் நின்ற தந்தை நினைவுக்கு வருகிறார். மேட்டின் நண்பர்களான கேரனும் ஃபாகியும் மது அருந்திவிட்டு ஊர் சுற்றும் காட்சிகள் மட்டும் இந்த இழையில் சேராமல் தனியே நிற்கின்றன.”

ஒரு கருத்து, அதற்கு ஆதாரமாக இரண்டு காட்சிகள், ஒரு குறை. புதியவருக்கு இது போதும். கேரன், ஃபாகி காட்சிகளைப் பற்றி நீங்கள் மாறுபடலாம். அந்தக் காட்சிகளின் இளைப்பாறல் இல்லாவிட்டால் எபிசோடு தாங்காது என்று வாதிடலாம். அப்படியானால் அதை எழுதுங்கள். காட்சியைக் காட்டி வாதிடுகிறீர்களா என்பதுதான் முக்கியம்.

கதைச் சுருக்கம் எவ்வளவு

நான்கு வாக்கியம். அதற்கு மேல் போனால் எபிசோடைப் பார்த்தவருக்கு அலுப்பு, பார்க்காதவருக்கு நஷ்டம்.

நம் ஊரில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைப்பார்கள். சுடலைமாடன் கதை கேட்க உட்கார்ந்திருப்பவர்களில் அந்தக் கதை தெரியாதவர் யாருமில்லை. ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் டீக்கடையில் பேச்சு கதையைப் பற்றி இருக்காது; புலவர் எந்த இடத்தில் நிறுத்தினார், பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ போட்டது எடுபட்டதா, குடம் அடித்தவர் எப்படி என்பதைப் பற்றியே இருக்கும். எபிசோடு விமர்சனத்தின் வாசகர் அந்தக் கூட்டத்தைப் போன்றவர். கதை அவருக்குத் தெரியும், அல்லது சீக்கிரம் தெரிந்துகொள்வார். சொல்முறையைப் பேசத்தான் உங்களிடம் வருகிறார்.

பார்க்காதவர்களும் படிப்பார்கள் என்பதால், முடிவையும் யார் இறந்தார் என்பதையும் தலைப்பிலும் முதல் பத்தியிலும் வைக்காதீர்கள். வேலை முடிந்து இரவில்தான் பார்க்க முடிகிற வளைகுடாவிலுள்ள அண்ணன்மார்களை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிட்டு, அதன் பிறகு எதையும் பேசலாம்.

ஊகத்தால் வரும் கெடுதல்

ரசிகர்களுக்கு இது பிடிக்காது, தெரிந்தே சொல்கிறேன். ‘வாண்டாவிஷன்’ ஓடிய வாரங்களில் உலகமெங்கும் ரசிகர்கள் மெஃபிஸ்டோ என்ற காமிக்ஸ் வில்லன் வரப்போகிறான் என்று நம்பினார்கள். ஒரு பூச்சி பறந்தால் அவன், திரைச்சீலை அசைந்தால் அவன். கடைசிவரை அவன் வரவில்லை. 2021 மார்ச் 5 அன்று இறுதி எபிசோடு வந்தபோது எத்தனையோ பேர் ஏமாந்ததாக எழுதினார்கள். அந்தத் தொடரின் மையம் கணவனை இழந்த ஒரு பெண்ணின் துக்கம். இறுதி எபிசோடு அதை எப்படி முடித்தது என்று பேச நிறைய இருந்தது. பாராட்டவும் இருந்தது, திட்டவும் இருந்தது. தங்கள் மனத்தில் ஓடிய வேறொரு தொடரோடு ஒப்பிட்டுக் கோபப்பட்டவர்கள் இந்த இரண்டையும் தவறவிட்டார்கள்.

ஊகம் எழுத ஆசையாக இருந்தால் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு பேசச் சுவையான விஷயம்தான். தீர்ப்புக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம்.

காமிக்ஸ் அறிவுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும். டேர்டெவில் முதன்முதலில் 1964-இல் காமிக்ஸில் வந்தவன் என்ற தகவல் ஒரு வரிக்குப் பயன்படும். ‘காமிக்ஸில் இப்படி இல்லையே’ என்பது மட்டும் ஒரு குறை ஆகாது. மாற்றியதால் இந்த எபிசோடுக்கு நன்மையா கெடுதலா என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

யார் செய்தது என்று பாருங்கள்

எபிசோடு தொடங்கும்போதோ முடியும்போதோ பெயர்கள் வரும், தாண்டிவிடாதீர்கள். இந்தத் தொடர்களில் ஒவ்வொரு எபிசோடையும் வேறு வேறு எழுத்தாளரும் இயக்குநரும் செய்வது வழக்கம். மேலே சொன்ன ‘டேர்டெவில்’ எபிசோடை எழுதியவர் ட்ரூ காடார்ட், இயக்கியவர் ஃபில் ஆப்ரஹாம். ‘மிஸ் மார்வெல்’ தொடரின் ஐந்தாவது எபிசோடை இயக்கியவர் ஷர்மீன் ஒபைத் சினாய். ஆவணப்படங்களுக்காக இரண்டு முறை ஆஸ்கர் பெற்ற பாகிஸ்தான் இயக்குநர். 1947 பிரிவினைக் காலத்து ரயில் நிலையத்தின் நெரிசலும், தந்தையைத் தவறவிட்ட சின்னப் பெண்ணின் பதற்றமும் அந்த எபிசோடில் ஏன் அவ்வளவு நிஜமாகத் தெரிகின்றன என்பதற்கு அந்தப் பெயரில் ஒரு தடயம் கிடைக்கிறது. ‘மார்வெல்காரர்கள் எடுத்தார்கள்’ என்று பொதுவாக எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த மொழியில் பார்த்தீர்கள்

இதை மறைக்காமல் எழுதுங்கள். தமிழ்க் குரலில் பார்த்தவர், மூல நடிகரின் வசன உச்சரிப்பைப் புகழ முடியாது. அது தமிழில் குரல் கொடுத்த கலைஞரின் உழைப்பு. நகைச்சுவை எடுபடவில்லை என்றால் குறை மூலத்திலா மொழிபெயர்ப்பிலா என்று, அந்த ஒரு காட்சியையாவது ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்கு மலையாளமும் காதில் பழகியது. சில தொடர்களுக்கு மலையாளக் குரலும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு எழுதும் வாய்ப்பு திருநெல்வேலிக்காரருக்குக்கூட எளிதில் கிடைக்காது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். முதல் பத்தியில் மர்டாக், மூன்றாம் பத்தியில் முர்டோக் என்றால் இரண்டு பேர் என்று நினைத்துவிடுவார்கள்.

நம் ஊரைக் கொண்டுவருவது

‘மிஸ் மார்வெல்’ ஐந்தாவது எபிசோடைப் பார்க்கும் குமரி மாவட்டத்துக்காரருக்கு எல்லை என்ற சொல் சும்மா கடந்துபோகாது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. போராட்டமும் உயிரிழப்பும் இருந்த வரலாறு அது. வீட்டில் பெரியவர்கள் சொன்ன கதை உங்களுக்கு இருந்தால், அந்தத் தொடரின் நாயகி கமாலா கான் தன் பாட்டியின் கதையைத் தேடிப் போவது வேறு விதமாகப் படும். அதை எழுதலாம். அமெரிக்க விமர்சகர் யாராலும் எழுத முடியாத பத்தியாக இருக்கும்.

ஆனால் அளவு தெரிய வேண்டும். 1947-இன் ரயில்களையும் 1956-இன் மாநில எல்லையையும் ஒன்றென்று எழுதினால் இரண்டுக்கும் அநீதி. உங்கள் நினைவு அந்தக் காட்சியில் ஏதாவது ஒன்றைத் துலக்கிக் காட்டினால் வையுங்கள். ஊர்ப்பெருமை பேசத்தான் உதவுகிறது என்றால் எடுத்துவிடுங்கள். திருவள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் எல்லா விமர்சனத்திலும் நுழைப்பவர்களை எனக்குத் தெரியும்.

பிடித்த நாயகன் சறுக்கும்போது

நீங்கள் ரசிகர். அதை ஒளிக்க வேண்டாம். முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நேர்மை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், பிடித்த நடிகர் இருக்கும் மோசமான எபிசோடில். அப்போது மென்று விழுங்காமல், எந்தக் காட்சியில் எழுத்து அவரைக் கைவிட்டது என்று காட்டுங்கள். நடிகரின் உருவத்தையோ நிறத்தையோ பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். சண்டை குறைவு என்பதையும் குறையாக எழுதும் முன் யோசியுங்கள். ‘லோகி’ முதல் சீசனின் இறுதி எபிசோடில் பெரும்பகுதி ஒரு மேசையைச் சுற்றி நடக்கும் பேச்சுதான். ‘தி ஃபிளாஷ்’ முதல் சீசனின் இறுதியில், காலத்தில் பின்னோக்கி ஓடிப்போன நாயகன் தாயைக் காப்பாற்றாமல் நின்று, விடைபெற்றுக்கொண்டு மட்டும் வருகிறான். உலகின் வேகமான மனிதன் அசையாமல் நிற்பதுதான் அங்கே உச்சக்காட்சி.

ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போடுவது உங்கள் விருப்பம். நான் போடுவதில்லை, போட்டால் அதை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எழுதி முடித்த பிறகு

ஒரு இரவு ஆறப்போடுங்கள். காலையில் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ‘அருமை’, ‘பிரமாதம்’, ‘வேற மாதிரி’ ஆகியவற்றைத் தேடி, அங்கெல்லாம் ‘எதனால்?’ என்று ஓரத்தில் எழுதுங்கள். பதில் இருந்தால் பதிலை வையுங்கள். இல்லாவிட்டால் வாக்கியத்தையே எடுத்துவிடலாம். அறுநூறு, எழுநூறு சொற்களுக்குள் நிறுத்துவது தொடக்கத்தில் நல்லது. தொடரையே பார்க்காத ஒருவரிடமும் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். எந்தப் பெயரில் அவர் குழம்புகிறாரோ அங்கே ஒரு சொல் விளக்கம் தேவை.

மேலே தொடரின் பெயர், சீசன், எபிசோடு எண், வெளியான நாள், நீங்கள் பார்த்த மொழி ஆகியவற்றைக் குறியுங்கள். வாராவாரம் வரும் தொடர் என்றால் அடுத்த எபிசோடைப் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் முந்தைய வாரக் கருத்தைத் திருத்தக் கை பரபரக்கும். தகவல் பிழையை யாராவது சுட்டிக்காட்டினால் உடனே திருத்துங்கள்; கருத்து மாறினால் பழையதைத் தொடாமல், புது எபிசோடின் விமர்சனத்தில் அதைச் சொல்லுங்கள்.